நாலு கம்பியும் ஒரு இடது கையும்

சுவரைத் தாண்டி வருவது பேஸ் மட்டும்தான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருவள்ளூர் பக்கத்தில் நான் படித்த இன்ஜினீயரிங் காலேஜின் ஹாஸ்டலில், சுவரோரம் தலை வைத்துப் படுத்துத் தெரிந்துகொண்டேன். பக்கத்து அறைக்காரன் ஆள் ஒல்லி, ஸ்பீக்கர் மட்டும் பீரோ சைஸ். அவன் பாட்டுப் போட்டால் பாடுகிறவரின் குரல் என் அறைக்கு வராது, வயலின் வராது, ஜால்ரா வராது. அடியில் ஏதோ ஒன்று தரையோடு தரையாக நடந்துபோகிற சத்தம் மட்டும் வரும். பெரும்பாலும் அது தூக்கத்துக்கு நல்லது.

ஒரு நாள் சாயங்காலம் அது நடக்கவில்லை, பேசியது. கேள்வி கேட்டது, தானே பதில் சொன்னது, ஒரு இடத்தில் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டுச் சிரித்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். சுவரில் காதை வைத்து, அது முடிகிற வரைக்கும் கேட்டேன். மறுபடி போடுவான் என்று காத்திருந்தேன், போடவில்லை. போய்க் கதவைத் தட்டி, இப்போது போட்ட அந்தப் பாட்டைத் திரும்பப் போடு என்றேன்.

போட்டான். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. ஊதுகுழல்கள், பியானோ, டிரம்ஸ் என்று ஏகப்பட்ட பேர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்ட பாட்டு அதற்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. இது இல்லை, அதைப் போடு என்றேன். இதுதான்டா அது என்றான். எனக்குச் சுவர் வழியாக வந்ததை வாயால் பாடிக் காட்டினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, அது பாட்டு இல்லை, பாட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ் கிட்டார், இதற்குப் பெயர் ஜாஸ் என்று சொல்லி அனுப்பினான்.

அதற்குப் பிறகு நான் வேறு எதையும் சரியாகக் கேட்டதே இல்லை. எந்தப் பாட்டானாலும் காது நேராகக் கீழே இறங்கிவிடும்.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு மெட்டை எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை வாசித்துக் காட்டுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அந்த மெட்டின் எலும்பை மட்டும் பிடித்துக்கொண்டு, மேலே சதையை அந்த நிமிஷத்திலேயே புதிதாகக் கட்டுவார்கள். ஒருவர் கட்டும்போது மற்றவர்கள் விழாமல் தாங்குவார்கள். தாங்குகிறவர்களில் முதல் ஆள் பேஸ். ரொம்ப காலம் அது ஆள் உயரத்துக்கு நிற்கிற மர வாத்தியமாக இருந்தது. பிறகுதான் தோளில் மாட்டிக்கொள்ளும் கிட்டார் வடிவத்தில், நாலு தடிமனான கம்பியும் ஒரு ஒயருமாக வந்தது. கரண்டில் வாசிப்பதெல்லாம் ஜாஸா என்று மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் வாயை அடைத்தவர்கள்தான் என் ஆட்கள்.

என் ஆட்களின் நிஜப் பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பெயர்களை யாரும் சொன்னதும் இல்லை. அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன.

வேலை கிடைத்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். தகடு அடித்து, வளைத்து, வெல்டிங் வைத்து லாரிக்குப் பாகங்கள் செய்கிற ஃபேக்டரி. நான் குவாலிட்டி. திருவள்ளூரில் விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி பஸ் ஏறுவேன். அது பெரியபாளையம் வழியாகச் சுற்றிக்கொண்டு புதுவாயலில் ஹைவேயைப் பிடிக்கும். புதுவாயலில் ஒருவன் ஏறுவான். மெயின்டனன்ஸ் ஃபிட்டர், என் வயசு, பழவேற்காட்டில் ஏரியில் மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. பைக்கை டீக்கடை ஓரமாக விட்டுவிட்டு, பஸ் நிற்பதற்குள் தொற்றிக்கொள்வான். முதல் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தான். அது தாளம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. “இன்னா சார், தப்பா போட்ற,” என்றான். என் ஒரு காதிலிருந்து இயர்பட்டைக் கழற்றித் தன் காதில் மாட்டிக்கொண்டான். கேட்டுவிட்டு, “ஓ, சரியாத்தான் போட்டுகினு கீற. பாட்டுதான் கோணலா கீது,” என்றான்.

அவன் டிரம்மர். ரிதம் பேட் வாசிப்பான், கிடைத்தால் முழு டிரம் செட்டும் வாசிப்பான். அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு காது. ஃபேக்டரி கேட்டுக்கு வெளியே நான் மச்சி. பஸ் கேட்டுக்குள் திரும்பியதும் சார். நடுவாக்கியத்தில் கேட் வந்தாலும் மாற்றிவிடுவான். “மச்சி இந்த இடத்துல பாரு, அந்தாளு இன்னா பண்றான்னு... கவனிங்க சார்.”

என் பேஸ் ஆட்களுக்குப் பேர் வைத்தது அவன்தான். வெளிநாட்டுப் பெயர்கள் அவன் வாயில் நிற்கவில்லை என்பது காரணம் இல்லை, அழகாகவே சொல்ல வரும். ஆனால் எங்கள் ஷாப்பில், அதாவது மெஷின்கள் ஓடுகிற கூடத்தில், யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, செய்கிற வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். அந்த மரியாதையை இவர்களுக்கும் கொடுத்தான்.

முதலாமவர் வெல்டர். பேஸின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் இருக்கும், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வேலி மாதிரி. வேலியே இல்லாத பேஸும் உண்டு. வெல்டர் வாசித்தது அது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனார் என்று தெரியும், எங்கே போனார் என்று தெரியாது. நல்ல வெல்டிங்கைத் தேய்த்து முடித்த பிறகு இணைப்பைக் கையால் தடவினாலும் கண்டுபிடிக்க முடியாதே, அப்படி. நாலு தடிக் கம்பியில் ஒரு மனிதர் தொண்டையைத் திறந்து பாடியதை அவரிடம்தான் கேட்டேன். நடுவில் விரலைக் கம்பியில் பட்டும் படாமலும் வைத்து மணிச் சத்தம் எடுப்பார். அதற்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். பேஸ் என்கிற எருமைக்குள் ஒரு வெள்ளி மணி இருந்தது என்று முதன்முதலில் கேட்டபோது பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காரணம் கேட்டவனிடம் ஜன்னல் தூசி என்றேன்.

இரண்டாமவர் பிரஸ். கட்டைவிரலால் கம்பியை அடிப்பார், மற்ற விரலால் கொக்கி போட்டு இழுத்து விடுவார். எங்கள் பவர் பிரஸ், டை என்கிற இரும்பு அச்சோடு தகட்டில் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு அடியும் வந்த இடத்தில் வடிவம் பதியும். டிரம்மருக்கு அவர்மேல் பக்தி. மூன்றாவது ஒரு பெண். அவங்களுக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் என்று பெயர். வருவாங்க, ஒரு வார்த்தை சொல்வாங்க, போய்விடுவாங்க. அந்த ஒரு வார்த்தையில் மற்ற எல்லாரும் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். அவங்க சும்மா இருக்கிற இடங்களை நான் எண்ணிப் பார்க்க முயன்று தோற்றிருக்கிறேன். ஒவ்வொரு மௌனமும் வேறு நீளம்.

கடைசியாக கிரேன்காரர். எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் அவரால்தான். டிரம்மர் அவரைக் கொண்டாடுவான். எனக்கு அவர் ஏன் பெரிய ஆள் என்றே புரியவில்லை. பழைய காலத்து ஆள். குட்டையான, மழுங்கலான சத்தம். ஒரு மணி இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. டும், டும் என்று போய்க்கொண்டே இருப்பார். “ஓவர்ஹெட் கிரேன் பாத்திருக்கியா மச்சி,” என்பான் அவன். “அவ்ளோ பெரிய டை-யத் தூக்கினு வரும். கொஞ்சம்கூட ஆடாது. கீழ நிக்கிறவன் நாஷ்டா துன்னுகினு இருப்பான், அண்ணாந்துகூட பாக்க மாட்டான். அதான் இவரு.” நான் சரி சரி என்று அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவேன். எனக்கு வெல்டராக வேண்டும். அண்ணாந்து பார்க்கப்பட வேண்டும்.

முதல் சம்பளத்தில் பேஸ் வாங்கினேன். மொட்டை மாடி அறையில் உட்கார்ந்து பழகினேன். ஆரம்பத்தில் அம்மா கீழேயிருந்து வந்து வந்து தண்ணீர் மோட்டார் சுவிட்சைப் பார்த்துவிட்டுப் போவாள். மோட்டாரை யாரோ ஆஃப் பண்ண மறந்துவிட்டார்கள் என்றே ரொம்ப நாள் நினைத்தாள். யூடியூப்தான் வாத்தியார். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பேஸைத் தனியாகப் பழகலாம், தனியாக வாசிக்க முடியாது. தாங்குவதற்கு மேலே யாராவது வேண்டும். சென்னையில் இருக்கிற குழுக்கள் கூடுகிற நேரத்தில் நான் கும்மிடிப்பூண்டியில் தகட்டின் தடிமனை அளந்துகொண்டிருப்பேன். ஆகவே எனக்கு உலகத்தில் ஒரே ஒரு பேண்ட்தான் சாத்தியம். எங்கள் ஃபேக்டரி பேண்ட்.

அதை நடத்தியவர் அக்கவுண்ட்ஸ் சார். ஆரம்பாக்கத்தில் சொந்த நெல் நிலம், வீட்டில் டிராக்டர், கேன்டீன் சாதத்தைத் தட்டில் வாங்கியதும் மோந்து பார்த்து அரிசியின் ரகம் சொல்வார். கீபோர்டு வாசிப்பார், நன்றாகவே வாசிப்பார். அவரது வலது கை பாட்டை வாசிக்கும், இடது கை கீபோர்டின் கீழ்க் கோடியில் பேஸை வாசிக்கும். பல வருஷமாக அப்படித்தான். நான் போய் பேஸ் வாசிக்கிறேன் சார் என்றதும், அவருக்கு என்னை எங்கே வைப்பது என்று புரியவில்லை. “உன் கிட்டார்ல நாலு கம்பிதான் தம்பி. என் இடது கையில அஞ்சு விரல் இருக்கு,” என்றார். டிரம்மர் சிபாரிசு செய்து சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இடது கை ஓயவில்லை. ஒத்திகை, ஷிஃப்ட் முடிந்து அடுத்த பஸ் வரும் வரை கேன்டீனில் நடக்கும். நான் ஒரு சுரம் வைப்பேன், அதே இடத்தில் அவரும் ஒன்று வைப்பார். இரண்டு பேர் ஒரே செருப்பில் கால் விடுகிற மாதிரி. வெல்டர் பாணியில் நான் மேலே ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கீழே ஆள் இல்லை என்று அவர் கை இறங்கும். நான் கீழே வரும்போது அங்கே அவர் இருப்பார். சொல்லப்போனால் அவர் செய்ததில் தப்பே இல்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

தீபாவளி முடிந்து சென்னையில் எங்கள் குழுமத்தின் ஆண்டு விழா. எல்லா ஊர் யூனிட்டிலிருந்தும் பேண்ட் வரும். வேனில் இடம் கம்மி, மேடையிலும் இடம் கம்மி. சார் சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்: ஆயுத பூஜைக்கு ஃபேக்டரியில் வாசிக்கிறோம், அன்றைக்குப் பார்ப்போம், பேஸ் இருந்ததும் இல்லாததும் ஒன்றாக இருந்தால் இடது கையே போதும். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் போதும் என்று ஆகிவிட்டால் எனக்கு மொட்டை மாடிதான், மோட்டார் சுவிட்சுதான். அதனால் கெஞ்சிக் கூத்தாடி ஒன்று வாங்கினேன். சினிமாப் பாட்டுகள் முடிந்த பிறகு வார்த்தையில்லாமல் ஒரு துண்டு. என் சொந்த மெட்டு. ஆரம்பத்தில் பேஸ் தனியாக வரும். ஹார்மோனிக்ஸில் ஆரம்பிப்பேன், மணி மணியாக, அப்புறம் வழுக்கிக்கொண்டே கீழே இறங்குவேன். வெல்டர் இருந்தால் தோளில் தட்டுவார். அப்படித் திட்டம்.

ஆயுத பூஜையன்று எங்கள் ஷாப்பைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க எண்ணெயும் கரியுமாக இருக்கிற இடம் கழுவித் துடைத்துக் கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிடும். பிரஸ்ஸுக்கு மாலை, கம்ப்ரசருக்கு வாழைக்கன்று, வெல்டிங் செட்டுக்கு எலுமிச்சம்பழம், கம்ப்யூட்டர் மவுசுக்குக்கூட ஒரு பொட்டு. இதில் எங்கள் ஷாப்புக்கென்று ஒரு வழக்கம் உண்டு: வைத்த சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது. விடுமுறை முடிந்து வந்து மெஷின் ஓடி ஓடி, அந்த அதிர்வில் அது தானாக உதிர வேண்டும். பொட்டு சீக்கிரம் உதிர்ந்தால் அந்த வருஷம் நல்ல ஓட்டம் என்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாரும் ஆயுதத்தை வைக்கிறார்கள், என் ஆயுதம் இதுதானே என்று பேஸைக் கொண்டுபோய் டிரில்லிங் மெஷினுக்கும் கிரைண்டருக்கும் நடுவில் சாய்த்து வைத்தேன். ஓரமாக ஒரு சின்னப் பொட்டு வைப்பார்கள், படம் எடுத்துப் போடலாம் என்று கணக்கு. வைத்துவிட்டு சவுண்ட் சர்வீஸ்காரருடன் ஒயர் இழுக்கப் போய்விட்டேன்.

சந்தனம் பூசுகிற பொறுப்பு ஹவுஸ்கீப்பிங் அக்காவுடையது. ஆந்திரா எல்லைப் பக்கத்து ஊர், எங்களை எல்லாம் நைனா என்றுதான் கூப்பிடுவார். எந்த வேலையையும் பாதியில் விடத் தெரியாதவர். மெஷினில் எது வேலை செய்கிற பாகமோ அங்கேதான் பூச வேண்டும் என்பது அவர் கணக்கு. டிரில்லுக்கு பிட்டில், பிரஸ்ஸுக்கு டையில். இந்தக் கிட்டாரில் வேலை செய்கிறது எது? கம்பிதானே. நான் திரும்பி வந்தபோது நாலு கம்பிக்கும் மேலிருந்து கீழ்வரை கெட்டியாகச் சந்தனம் அப்பி, கை நிறைய குங்குமம் வைத்திருந்தது. வெயிலுக்கும் ஃபேனுக்கும் அது காய்ந்து, கம்பிமேல் சுற்றியிருக்கிற மெல்லிய கம்பியின் ஒவ்வொரு இடுக்கிலும் இறங்கி உட்கார்ந்திருந்தது. ஒரு கம்பியைத் தட்டிப் பார்த்தேன். தொப். சோற்று மூட்டையைத் தட்டினால் வருமே, அது.

ஸ்பேர் கம்பி திருவள்ளூரில் இருந்தது. சூடம் காட்டியாகிவிட்டது, பூசணி உடைத்தாகிவிட்டது, சாப்பாடு முடிந்தால் கச்சேரி. பக்கத்தில் கிடந்த பனியன் துணியை எடுத்தேன்.

“இன்னா நைனா, சாமிக்கு வெச்சதத் தொடைக்கிற?” என்றார் அக்கா. அதட்டவில்லை. ஆச்சரியமாகத்தான் கேட்டார், சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறவனைப் பார்த்துக் கேட்கிற மாதிரி. பிரஸ் ஷாப் ஆட்கள் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் கையிலிருந்த துணியை டிரம்மர் வாங்கிக்கொண்டான்.

“மெஷினுக்கு வெச்ச பொட்டு ஓடித்தான் உதிரணும் சார்,” என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “ஓட்டு மச்சி,” என்றான். கேட்டுக்குள் அவன் என்னை மச்சி என்றது அதுதான் முதல் தடவை.

சினிமாப் பாட்டுகளில் பிழைத்துக்கொண்டேன், எப்படியும் சார் கை அடியில் இருந்தது. அப்புறம் என் துண்டு வந்தது. எல்லாரும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். விரலைப் பட்டும் படாமலும் வைத்து முதல் மணியை அடித்தேன். தொப். அடுத்தது தொப். மூன்றாவதாக வழுக்கிப் பார்த்தேன், சந்தனப் பொடி பறந்ததே தவிர சத்தம் கூட வரவில்லை. டிஸ்பாட்ச் பக்கத்திலிருந்து யாரோ ஸ்பீக்கர் புட்டுக்கிச்சா என்று கேட்டார்கள், சிரிப்பு. சாரின் இடது கை மெதுவாகக் கீழ்க் கோடிக்கு நகர்வதைப் பார்த்தேன். காப்பாற்றத்தான் வந்தது அந்தக் கை. அது வந்து சேர்ந்துவிட்டால் நான் அவ்வளவுதான்.

டிரம்மர் சும்மா ஒரு தாளத்தைப் பிடித்தான், அவசரமில்லாமல். என்னைப் பார்த்து மேலே கண் காட்டினான். அண்ணாந்தேன். எங்கள் தலைக்குமேல் மாலை போட்ட ஓவர்ஹெட் கிரேன் அசையாமல் நின்றது.

ஆக, மணி கிடையாது, வழுக்கல் கிடையாது, மேலே ஏறுகிற வழியே அடைத்திருக்கிறது. மிச்சம் இருப்பது டும். சரி, டும். தடிக் கம்பியில் ஒன்று வைத்தேன், அவன் கால் விழுகிற இடத்தில். குட்டையாக விழுந்து உடனே அடங்கியது. அடங்கிய பிறகு ஒரு இடைவெளி இருந்தது, அதில் அவனுடைய தாளம் சுத்தமாகக் கேட்டது. இன்னொன்று வைத்தேன். எனக்கு அதுவரை தெரியாத ஒன்று அப்போது கைக்குத் தெரிந்தது: சத்தம் நீளாதபோது, எங்கே ஆரம்பிக்கிறோம் என்பது மட்டும் இல்லை, எங்கே முடிக்கிறோம் என்பதும் தாளம். வெல்டர் மாதிரி வாசிக்கும்போது என் ஒவ்வொரு சுரமும் அடுத்ததன் மேல் வழிந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்து எழுந்தது. சாமான் ஏற்றுகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தூக்கி, ஆடாமல் கொண்டுபோய் இறக்கினேன். பிரஸ் ஷாப்காரர் ஒருவர் எவர்சில்வர் டம்ளரில் விரலால் தட்ட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் வடை தின்பதை நிறுத்தவே இல்லை, ஆனால் என் தாளத்துக்கு மென்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் சார் கையைப் பார்த்தேன். கீழ்க் கோடிக்கு வந்த இடது கை, கட்டைகளுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. இறங்க இடம் தேடியது. இடம் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, மேலே போய் வலது கையோடு சேர்ந்துகொண்டது. இரண்டு கையும் மேலே சேர்ந்ததும் சார் வாசித்த விதமே வேறு. என் மெட்டை எடுத்து நெல் தூற்றுகிற மாதிரி காற்றில் விட்டுப் பிடித்தார். அவரிடம் இவ்வளவு இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது, அவர் கை ஒன்று இத்தனை வருஷமாக மூட்டை சுமந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் என் கையும் சட்டையும் மேடையும் மஞ்சள். சார் வந்து பேஸை முகர்ந்து பார்த்தார், அரிசியை மோப்பது மாதிரியே. “சென்னைக்கு வரும்போதும் இதே சத்தம் வேணும். சோப்பு கீப்பு போட்டுடாதே,” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் சந்தனம் வழக்கப்படி உதிர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஒத்திகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பி வெளுத்தது, சத்தம் நீண்டது, பளபளத்தது. சத்தம் பளபளத்ததும் என் விரல் தானாக மேலே ஏறும், மணி அடிக்கும். சாரின் இடது கை பூனை மாதிரி ஒவ்வொரு கட்டையாகக் கீழே வரும். எனக்குப் பேஜாராக இருந்தது. விழா நெருங்கிவிட்டது. அக்காவிடம் போய் இன்னொரு தடவை பூசித் தர முடியுமா என்று கேட்டேன். “அடுத்த வருஷம் வா நைனா. சாமி இன்னா பெயிண்ட் கடையா?” என்றார்.

அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் கிரேன்காரரை மட்டுமே கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காதல் வந்துவிட்டது. முன்பு டும் டும் என்று கேட்ட இடத்தில் இப்போது ஒவ்வொரு டும்முக்கும் ஒரு வால் இருப்பதும், அந்த வாலை அவர் எந்த இடத்தில் நறுக்குகிறார் என்பதும் கேட்டது. ஒரு பாட்டில் குழல்காரர் வெறி பிடித்து எங்கேயோ போய்விடுகிறார். திரும்பி வர வழி தெரியவில்லை. கிரேன்காரர் கூடவே ஓடவில்லை, கூப்பிடவும் இல்லை. ஒரே ஒரு சுரத்தை ஒரு இழை முன்னால் வைக்கிறார், வாசலில் விளக்கைப் போட்டு வைப்பது மாதிரி. குழல் நேராக அங்கே வந்து இறங்குகிறது. இதை இத்தனை நாள் தாவிக் கடந்தேனே என்று இருந்தது.

அவர் வாசிக்கிற வீடியோ ஒன்று எனக்கு மனப்பாடம். புதுவாயலில் ஏறியவனிடம் அதைக் காட்டினேன். கம்பிகள் முடிகிற இடத்தில், கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு தெரியும். அதை நான் எப்போதும் பேஸின் பாகம் என்றே நினைத்திருந்தேன். அவன் இரண்டு விரலால் திரையைப் பெரிசாக்கிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தவன், சிப்காட் திருப்பம் வரை நிறுத்தவில்லை.

“மச்சி, ஒலகத்துலயே பெரிய ஆளுன்னு சொல்லிகினு கீறோம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு வெச்சிகினு கீறாரு.”

ஸ்பாஞ்சுதான். கம்பிக்கு அடியில் செருகி, நீளும் சத்தத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்திருந்தார். மணியும் வழுக்கலும் அவருக்கு வராமல் இல்லை. அவ்வளவு பளபளப்பையும் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று மூடி வைத்தவர். அக்கா எனக்குத் தெரியாமல் செய்ததை அவர் தெரிந்தே செய்துகொண்டிருந்திருக்கிறார். வெல்டர் மேல் இருந்த ஆசை எனக்கு இன்றும் ஒரு சொட்டும் குறையவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த பஸ்ஸில், பெயர் வைத்த நாளிலிருந்து முதல்முறையாக, நான் கிரேன்காரரை ‘அவர்’ என்று மனசிலிருந்து சொன்னேன்.

மத்தியானம் அக்காவிடம் போனேன். சந்தனம் வேண்டாம், ஸ்பாஞ்சு வேண்டும் என்றேன். பாத்திரம் தேய்க்கவா என்று கேட்டார். கிட்டாருக்கு என்றதும், ஒரு தடவை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புதுசு ஒன்றைப் பிரித்து, கம்பிகளின் அகலத்தைக் கையால் அளந்து, கத்திரியால் நறுக்கித் தந்தார். மஞ்சள் நிறம். செருகியதும் கிட்டத்தட்ட ஆயுத பூஜை மாதிரியே இருந்தது.

சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின கடைசி ஒத்திகை. கேன்டீனில் டீ வந்த நேரம். சார் டம்ளரை எடுத்துக்கொண்டார், ஆரம்பிக்கலாம் என்று தலையாட்டினார். நான் முதல் சுரத்தை வைத்தேன், டிரம்மர் அதன்மேல் வந்து உட்கார்ந்தான். நான் ஸ்பாஞ்சைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இடது கை எங்கே போகிறது என்று பார்க்கவும் பயமாக இருந்தது. மெட்டு பாதி தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

வலது கை வாசித்துக்கொண்டிருந்தது. இடது கையில் டீ இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தார்.